கேள்வித்தாளை மூடி வைத்தவள்

ஆய்வுக்குச் சம்மதிக்கும் கைதியின் பெயரையோ, அவரை இன்னார் என்று காட்டிவிடக்கூடிய வேறு எந்த விவரத்தையோ எந்தத் தாளிலும் எழுதக் கூடாது என்பது விதி. அதை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தவள் நான். அதிலுள்ள காற்புள்ளிகூட என்னுடையது. அந்த விதியை இரண்டு பேர் மீறினோம். கேள்வி கேட்க வந்த அவள் தெரியாமல் மீறினாள். நான் தெரிந்து மீறினேன்.

'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. என்னைவிட இருபது வயது இளையவள் என்பதால் அப்படி எழுதாமல் விடவில்லை. எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மலையகத்து நகரம் ஒன்றின் சிறைச்சாலையில், பெண்கள் பிரிவுக்கு நான் பத்தொன்பது ஆண்டுகள் நலன்புரி உத்தியோகத்தராக இருந்தேன். ஒரு நீண்ட மண்டபம், ஒரு முற்றம், சமையலுக்கு ஒரு குசினி, தண்ணீர் விழும் ஒரு பீலி. இருந்தவர்களில் பாதிக்கு மேல் தோட்டத்துப் பெண்கள். அவர்களுடைய மனுக்களைச் சிங்களத்தில் எழுதுவேன், சட்டத்தரணிக்கு ஆங்கிலத்தில் எழுதுவேன், வீட்டுக்குத் தமிழில் எழுதுவேன். எந்தப் படிவம் எத்தனை பிரதியில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று சிறை அத்தியட்சகர்களே என்னிடம்தான் கேட்பார்கள். ஆகவே அந்தப் பெண்களை முழுவதும் அறிந்தவள் நான் என்று நினைத்திருந்தேன். நினைப்பதற்கு அனுமதி தேவையில்லையே.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டில் கொழும்பிலிருந்து இரண்டு பெண் டாக்டர்கள் வந்தார்கள். சிறைப்பட்ட பெண்களின் பாலியல் நடத்தை பற்றி ஆய்வு செய்யப்போகிறார்களாம். உள்ளே வருவதற்கு முன் அவர்களுக்கு என்ன நடந்தது, உள்ளே யார் யாரோடு சேர்கிறார்கள், விருப்பத்தோடா பலவந்தமா, நோய் உண்டா, மருந்து உண்டா. அப்போதிருந்த அத்தியட்சகர் முதல் பக்கத்தை மட்டும் வாசித்து, 'சுகாதாரம்' என்ற சொல்லைக் கண்டதும் கையெழுத்துப் போட்டுவிட்டார். டாக்டர்களுக்குத் தமிழ் தெரியாது. தமிழில் உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நான் விண்ணப்பித்தேன். கைதிகளைக் காவலில் வைத்திருக்கும் திணைக்களத்தின் உத்தியோகத்தர் அவர்களை நேர்காணக் கூடாது என்று அவர்களுடைய விதியே சொன்னது. அந்த விதியையும் நான்தான் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தேன். இருந்தும் விண்ணப்பித்தேன்.

அவளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதல் நாள் மழை. நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். தவிட்டு நிற ஸ்வெட்டர், நடுப்பொத்தான் இல்லை. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தவளாம். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. பிறகு தபால் மூலம் படித்து ஏதோ ஒரு பட்டம். நான் மலைநாட்டின் பெயர் பெற்ற கன்னியர்மடப் பாடசாலையில் படித்தவள். என் அப்பா தோட்டத்தில் பெரிய கிளாக்கர். இதை அவளிடம் சொல்ல வேண்டிய தேவை எதுவும் இருக்கவில்லை. சொன்னேன்.

"அப்படிங்களா மிஸ்" என்றாள்.

கேள்வித்தாள் பதினொரு பக்கம். ஆங்கிலத்திலிருந்து சிங்களம், சிங்களத்திலிருந்து தமிழ் என்று வந்ததை நான் செப்பனிட்டிருந்தேன். முதல் நாளே முற்றத்தில் பெண்களை உட்கார வைத்து, எதைப் பற்றிய ஆய்வு என்று நானே விளக்கினேன். "உங்கள் பாலியல் துணைவர்களின் தன்மை" என்று ஆரம்பித்தேன்.

"அப்பிடின்னா யாரு மிஸ்?" என்றாள் ஒருத்தி. "கோர்ட்டுக்கு நம்மகூட தொணைக்கு வர்றாங்களே, அவங்களா?"

"அந்த ஜெயில் கார்ட் மூஞ்சிக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள் இன்னொருத்தி. முற்றமே சிரித்தது. அவளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அவள் கேள்வித்தாளை வாங்கி மூடி, மடிக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். குசினிக்குப் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களின் சுளகு ஒன்றைத் தன் பக்கம் இழுத்தாள். பொறுக்க ஆரம்பித்தாள். அன்று முழுவதும் அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் வெளியே போகும்போது, "இப்படியே போனால் இந்த ஆய்வு எந்தக் காலத்தில் முடியும்?" என்று கேட்டேன்.

"பருப்பு நல்லாத்தான் இருக்கு மிஸ். கல்லு கொஞ்சம்தான்" என்றாள்.

மூன்றாம் நாள் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். ஒவ்வொருத்தியாக எழுந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அவளுடைய வித்தை ஒரே ஒரு வாக்கியம்தான். எவளாவது பேச வாயெடுத்து நிறுத்தினால், சுளகிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வாள்:

"சொல்லணும்னு இல்லீங்க."

உடனே அவர்கள் சொன்னார்கள். மாமன் செய்தது, மேற்பார்வைக்காரன் செய்தது, புருஷன் கேட்டது, தாங்களே விரும்பியது. என்னென்ன என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது; அப்போது அவள் குரல் மட்டும்தான் ஜன்னல்வரை எட்டியது. ஆனால் முகங்கள் தெரியும். பத்தொன்பது ஆண்டுகளாக என் மேசைக்கு முன்னால் நின்ற அந்த முகங்கள் எனக்குக் காட்டியதெல்லாம் ஒரே முகம்தான், தோட்டத்தில் காலைப் பெரட்டுக் களத்தில் ஆள் கூப்பிடும்போது வைத்துக்கொள்வார்களே, அந்த முகம்.

நானும் முயன்று பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள், கடிதம் எழுதித் தரச் சொல்லி வந்த பெண் ஒருத்தி ஏதோ சொல்ல வந்து தயங்கினாள். நான் பேனாவை வைத்துவிட்டு, முடிந்தவரை மென்மையாக, "சொல்லணும்னு இல்ல" என்றேன்.

"சரிங்க மிஸ்" என்றாள். போய்விட்டாள்.

போர்வை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். குளிர் ஊர். ஆளுக்கு ஒரு போர்வை என்பது ஒழுங்கு. சில பெண்கள் இரண்டு போர்வைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்து ஒன்றாக்கிவிடுவார்கள். தையல் வகுப்புக்கென்று அந்த நூலைக் கொடுத்தவளே நான்தான். கண்டபோதெல்லாம் பிரிக்கச் சொல்லி, 'அரச உடைமைக்குச் சேதம்' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். பிரித்த மறுவாரம் திரும்பவும் தைத்திருப்பார்கள். படிப்பறிவில்லாதவர்களின் பிடிவாதம் என்று நினைத்தேன்.

ஒரு நாள் பிரித்த நூலை நான் பந்தாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், அந்தப் போர்வைகள இனிமே பிரிக்கச் சொல்லாதீங்க."

"ஏன்?"

"குளிருதுல்ல."

அறைக்குப் போய்ப் பழைய பதிவேட்டைப் பிரித்தேன். அந்தப் பெயர்கள் எப்போதும் இரண்டிரண்டாகவே வந்திருந்தன. அதே கையெழுத்தில், என் கையெழுத்தில், பத்தொன்பது ஆண்டுகளின் காதல்கள் எல்லாம் சேதம் என்ற தலைப்பின் கீழ் வரிசையாக இருந்தன. ஆய்வுக்கு வேண்டிய தரவு முழுவதும் என் அலுமாரியில் இருந்திருக்கிறது. வாசிக்கத் தெரிந்தவள் மூன்று நாளில் வாசித்துவிட்டாள்.

சிறைக்கு வெளியேயும் அவள் இப்படித்தான். பஜாரில் முஸ்லிம் நானா ஒருவரின் புடவைக் கடை உண்டு. இருபது ஆண்டுகளாக நான் சேலை எடுக்கும் கடை. அவர் என்னிடம் நிறத்தையும் விலையையும் தவிர வேறெதையும் பேசியதில்லை. அவள் ஒரு பொத்தான் வாங்கப் போனாள். நான் உள்ளே சேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நானா கவுண்டரில் சாய்ந்து, தன் இளைய மகள் கணவன் வீட்டில் சாப்பிடாமல் கிடப்பதை அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பொத்தான்களைக் கையால் அளைந்தபடி "ம்" என்றாள். நானா கண்ணைத் துடைத்தார். கடைசியில் அவள் பொத்தான் வாங்கவும் மறந்து போனாள்.

ஒரு தடவை ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில் ஒன்றாக உட்கார நேர்ந்தது. நான் ஒரு கைதியின் வீட்டு விசாரணைக்குப் போய்க்கொண்டிருந்தேன், அவள் தன் அம்மாவைப் பார்க்க. வெளியே பனிமூட்டம். நீர்த்தேக்கம் தெரியவில்லை. நோர்வூட் தாண்டியபோது என் வாய் தானாக ஆரம்பித்ததை நான் கேட்டேன்.

"எங்கள் விடுதியில் ஒருத்தி இருந்தாள். பதினாறு வயதில். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தலை பின்னிவிடுவாள்."

"ம்."

"வேறொருத்தியும் பின்னிவிட நான் விட்டதில்லை. அவள் போன பிறகு…"

நிறுத்தினேன். அந்த ஆண்டின் பிற்பகுதியில் நான் கூந்தலை வெட்டிக்கொண்டதை இவளிடம் சொல்ல வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது?

"சொல்லணும்னு இல்லீங்க மிஸ்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் என் தரிப்பிடத்துக்கு முந்திய தரிப்பிடத்திலேயே இறங்கி, மழையில் ஒரு மைல் நடந்தேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பொறுக்க முடியாமல் போனது கொத்மலைக்காரியால்.

கொத்மலைத் தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்குப் போன இடத்தில், நகை திருடியதாக உள்ளே வந்த இளம் பெண் அவள். பயந்து ஒடுங்கியிருந்தாள். எழுதப் படிக்க நான்தான் சொல்லிக் கொடுத்தேன், இரண்டு ஆண்டுகள், தினமும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. என் வீட்டிலிருந்து கொப்பி, பென்சில், ஒரு கம்பளிச் சால்வை. அவளை என் ஆள் என்றே நினைத்திருந்தேன். சட்டத்துக்கு விரோதமான எண்ணம் எதுவுமில்லை; அல்லது அப்படி ஒன்று இருந்திருந்தாலும் அதற்கு நான் படிவம் திறக்கவில்லை. ஒரு காலை முற்றத்தைத் தாண்டிப் போகும்போது, கொத்மலைக்காரி இவளுடைய சுளகுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பல் வரிசை அவ்வளவு அழகு என்பதை அன்றுதான் கண்டேன்.

"என்ன சிரிப்பு?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. "ஒண்ணுமில்லீங்க மிஸ்" என்று எழுந்து நின்றாள் கொத்மலைக்காரி.

அன்று மாலை வழக்கம்போல் விடைத்தாள்கள் என் மேசைக்கு வந்தன. நேர்காணல் முடிந்ததும் வாசலிலுள்ள வாங்குப் பலகையில் உட்கார்ந்து அவள் நினைவிலிருந்து நிரப்புவாள். பக்கங்களை எண்ணி, உறையை முத்திரையிடுவது என் வேலை. எண்ணத்தான் அதிகாரம், வாசிக்க இல்லை. நான் வாசித்தேன்.

பெயர்கள் இல்லை. பெயருக்குப் பதிலாக எண்கள். முறைப்படி எண்ணை ஆய்வாளர்தான் கொடுக்க வேண்டும். அவளோ, பெண்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று, "ஒங்களுக்குப் புடிச்ச ஒரு நம்பர நீங்களே வச்சிக்கங்க" என்று சொல்லியிருந்தாள். கொழும்பு டாக்டர்கள் அந்த யோசனையைப் பாராட்டி மின்னஞ்சல்கூட அனுப்பியிருந்தார்கள்.

எண்களைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. பெரிய கிளாக்கரின் மகளுக்கு விளங்காமல் வேறு யாருக்கு விளங்கும்? தோட்டத்தில் பெயர் பதிந்தவர்களுக்கெல்லாம் செக்ரோல் என்ற பேரேட்டில் ஒரு நம்பர் உண்டு. காலையில் பெரட்டில் கூப்பிடுவதும், பறித்த கொழுந்தை நிறுத்து எழுதுவதும் அந்த நம்பருக்குத்தான். பிறந்த திகதி மறந்திருக்கும், அடையாள அட்டை இலக்கம் தெரியாது. ஆனால் செக்ரோல் நம்பரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். பிடித்த நம்பர் ஒன்றைச் சொல் என்றால் அவர்கள் வேறு எதைச் சொல்வார்கள்? மறைந்துகொள்ளக் கொடுத்த இடத்தில், ஒவ்வொருத்தியும் தன் கதவிலக்கத்தை எழுதிவிட்டுப் போயிருந்தாள். மஸ்கெலியாத் தோட்டத்தில் பிறந்தவளுக்கும் அது தோன்றவில்லை.

ஒரு தாளில் 'உள்ளே துணை உண்டு' என்ற கட்டத்தில் அடையாளம் இட்டிருந்தது. கீழே அவளுடைய குண்டு எழுத்தில் ஒரு வரி: "கொத்மலைப் பிள்ளை வந்தப்பறம்தான் எனக்கு ஒடம்புன்னு ஒண்ணு இருக்கிறது தெரிஞ்சிச்சி." மேலே ஒரு நம்பர்.

அனுமதிப் பதிவேட்டில் தோட்டத்து முகவரிகள் உண்டு; தாளிலிருந்த வயதுக்கு ஒத்து வந்தது ஒரே ஒரு முகவரிதான். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் அது; என் அப்பாவிடம் வேலை பழகியவர் இப்போது அங்கே பெரிய கிளாக்கர். தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"கீழ்ப் பிரிவுல இந்த நம்பர் யாருதுங்க?"

தாள் புரளும் சத்தம். "அட, இது அந்த வெட்டு கேஸ் பொண்ணுல்ல! புருஷன வெட்டிட்டு ஒங்ககிட்டதானே உள்ளுக்கு இருக்கு. என்னாங்க மிஸ் விசயம்?"

"சும்மாதான்."

இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

அன்றிரவு உறங்கி, மறுநாள் காலை தெளிந்த மனதோடுதான் கடிதத்தை எழுதினேன். கோபத்தில் எழுதியதாக யாரும் நினைக்க வேண்டாம். ஆய்வின் நெறிமுறைக் குழுத் தலைவருக்கு, அத்தியட்சகர் ஊடாக. எண்முறை பாதுகாப்பற்றது, கைதிகளின் அந்தரங்கம் வெளிப்படும் அபாயம் உண்டு, இன்ன விதி, இன்ன பிரிவு. எல்லாம் உண்மை. நிரூபணத்துக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. கற்பனையாக ஒன்றை எழுதியிருக்கலாம். நான் உண்மையானதை எழுதினேன்: நம்பர், தோட்டம், பெயர், அந்தத் தாளில் என்ன இருந்தது என்பதும். அந்தரங்கம் வெளிப்படும் அபாயத்தை எடுத்துக்காட்ட அந்தரங்கத்தை வெளிப்படுத்தினேன்.

'ஊடாக' என்றால் வழியில் இருப்பவர் வாசிப்பார். அது எனக்குத் தெரியாதா? சில வாரங்களுக்கு முன்புதான் புதிய அத்தியட்சகர் பொறுப்பேற்றிருந்தார். ஒழுக்கத்தில் பற்றுள்ளவர். நாட்டின் பழைய சட்டப் புத்தகத்தில் இப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு பிரிவு இருப்பதை அவருக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. வழக்குப் போடாமல் விடுவதையே பெரிய இரக்கம் என்று சொல்லி, உடப்புசல்லாவைக்காரியைத் தாழ்நாட்டுச் சிறை ஒன்றுக்கு மாற்றினார். ஐந்தே நாளில். அங்கே தமிழ் பேச ஒருவரும் இல்லை. அவளை வண்டியில் ஏற்றியபோது கொத்மலைக்காரி பீலியடியில் துணி கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. மண்டபத்துக்குத் திரும்பிய பிறகுதான் பாய் இல்லாத இடத்தைப் பார்த்தாள். அன்றிலிருந்து சாப்பிடுவதை நிறுத்தினாள். நான் பென்சிலோடு போனேன். கொப்பியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் அடுத்த நேர்காணலுக்கு வந்தது திங்கட்கிழமை. விஷயத்தைக் கேட்டதும் முற்றத்துக்குப் போனாள். பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். நான் ஜன்னலில் இருந்தேன். அன்று எனக்குக் கேட்கும்படி சத்தமாகவே பேசினாள்.

"நம்பர நீங்களே வைங்கன்னு சொன்னது நான்தான். நம்மளுக்கு நெனப்புல நிக்கிற நம்பர் வேற எது? எனக்குத் தெரிஞ்சிருக்கணும். யாருக்கும் தெரியாதுன்னு ஒங்களுக்கு வாக்குக் குடுத்தேன். என்னால காப்பாத்த முடியல."

ஒருத்தி கேட்டாள்: "எழுதிக் குடுத்தது யாரு அக்கா?"

"அது எனக்குத் தெரியாது" என்றாள். தெரியும். ஜன்னலைப் பார்க்காமல் இருந்ததிலேயே தெரிந்தது.

பிறகு என் அறையில் இருந்த உறைகளைத் தரச் சொன்னாள். கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. கொடுத்தேன். ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு அவளவளுடைய தாளைக் கையில் கொடுத்து, "இது ஒன்னோடது. நீ என்ன செய்யிறியோ செய்யி" என்றாள். குசினியில் பகல் சோற்றுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒருத்திகூட வைத்துக்கொள்ளவில்லை. டாக்டர்களின் ஆய்வு அத்தோடு நின்றது. அவளுடைய வேலையும். இனி எந்தப் பல்கலைக்கழகமும் அவளை வாசலில் சேர்க்காது என்று அந்த டாக்டர்களில் ஒருவர் என் தொலைபேசியிலேயே சொன்னார்.

அவள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். நானே முந்திக்கொண்டேன்.

"எழுதியது நான்தான். தவறு உன்னுடையது. விதிப்படி நான் அறிவிக்க வேண்டும்."

"ஆமாங்க மிஸ்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

"அந்தப் புள்ளயத் திருப்பிக் கூட்டியாறதுக்கு என்னா எழுதணும், யாருக்கு எழுதணும்? எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஒங்களுக்குத்தான் தெரியும்."

பத்தொன்பது ஆண்டுகளில் என்னிடம் வந்தவர்களெல்லாம் கேட்டது இதையேதான். தாளை எடுத்தேன். சிறைச்சாலை ஆணையாளருக்கு ஒரு முறையீடு. பார்வையாளர் வந்துபோகும் தூரம், மொழி, அந்தப் பெண்ணின் வயதான தாய், இடமாற்றத்துக்கு முன் விசாரணை நடத்தாதது. என் வாழ்க்கையில் எழுதிய மிகச் சிறந்த கடிதம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். தமிழில் வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. ஆனா இதுல நீங்க எங்கயும் இல்லியே மிஸ்."

அதன் பிறகு அவள் பேசவில்லை. சுவர்க் கடிகாரம் பேசியது. வெளியே தகரக் கூரையில் மழை தொடங்கி, வலுத்து, ஓய்ந்தது. அவள் எழுந்து போகவுமில்லை. நான் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தேன்: வாசிக்க அதிகாரமில்லாத ஆவணத்தை வாசித்தது, தோட்டத்துக்குத் தொலைபேசி எடுத்தது, பெயரை எழுதியது, எழுதும்போது அது யாருடைய கண்ணில் படும் என்று அறிந்திருந்தது. பொறாமை என்ற சொல்லுக்கு அரச கடிதங்களில் இடமில்லை. 'தனிப்பட்ட காரணங்களுக்காக' என்று எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது, அவள் என்னையும் பேச வைத்துவிட்டாள் என்பது உறைத்தது. கையெழுத்திடும்போதுகூட அவள்மேல் எனக்கு எரிச்சல்தான்.

விசாரணை வந்தது. பிரியாவிடை, மாலை, குழுப்படம் எதுவுமில்லாமல் ஓய்வு பெற்றேன். அதைப் பற்றிப் புகார் சொல்ல எனக்கு வழியில்லை. அந்த விசாரணைக் கோவையை முறையாக அடுக்கிக் கொடுத்ததும் நானே. ஹட்டனில் வீட்டிலிருந்தபடி ஆணையாளருக்கு நினைவூட்டல்கள் அனுப்பினேன். முதலாவது, இரண்டாவது, பதிவுத் தபாலில் மூன்றாவது. ஒன்றுக்கும் பதிலில்லை.

அவள் பார்வையாளர் நாட்களில் கொத்மலைக்காரியைப் பார்க்கப் போனாள். மஸ்கெலியாவிலிருந்து இரண்டு பஸ் ஏறி, வாழைப்பழமும் சவர்க்காரமும் வாங்கிக்கொண்டு, மற்றவர்களைப் போல வரிசையில் நின்று. வலைக்கு அந்தப் பக்கம் கொத்மலைக்காரி, இந்தப் பக்கம் இவள். நேரம் முடியும்வரை ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாளாம். மூன்றாவது தடவையில் அந்தப் பெண் ஒரு வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டாள் என்று, என்னோடு வேலை செய்த பெண் காவலர் ஒருத்தி தொலைபேசியில் சொன்னாள். நானும் ஒரு தடவை போனேன். என் பெயரைச் சொன்னதும் உள்ளேயிருந்து பதில் வந்தது: வரவில்லையாம், தலைவலியாம். கொண்டுபோன கொப்பியைக் காவலரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வழியெல்லாம் அந்த வாழைப்பழத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கடைசியில் பதில் வந்தது. சிங்களத்தில் நான்கு வரி. முறையீடு ஏற்றுக்கொள்ளப்பட்டது, குறித்த கைதி முன்னைய சிறைச்சாலைக்கே மீள மாற்றப்படுகிறார். தபால்காரன் கேட்டைத் தாண்டும் முன்பே அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது, அவளுக்குத் தெரியாத ஒன்றை நான் முதலில் சொல்லப் போகிறேன் என்ற ஆசை எனக்கு. உறையின் முத்திரையிலிருந்து ஆரம்பித்தேன். கடித இலக்கம், பொருள், நான்கு வரிகளும் சிங்களத்தில், பிறகு தமிழில். எந்த வாதத்துக்கு அவர்கள் இறங்கி வந்தார்கள் என்று என் விளக்கம். மூன்றாவது நினைவூட்டலைப் பதிவுத் தபாலில் அனுப்பியது எவ்வளவு சரி என்று அதற்கு மேல் ஒரு விளக்கம். இருபது நிமிடம் பேசியிருப்பேன். அவள் "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள். முடித்ததும், "சந்தோசங்க மிஸ். ரொம்ப சந்தோசம். இன்னொருக்கா வாசிங்க, கேப்போம்" என்றாள். இன்னொரு தடவை வாசித்தேன். அவ்வளவு மகிழ்ச்சியாக நான் இருந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்த வாரம் அந்தப் பெண் காவலரைச் சந்தையில் கண்டேன். செய்தியை அவளுக்கும் சொன்னேன்.

"ஐயோ மிஸ், ஒங்களுக்கு இப்பதான் தெரியுமா? போன வாரம் திங்கக்கெழமையே கொண்டாந்து விட்டுட்டாங்களே. செவ்வாக்கெழம அந்த மஸ்கெலியா அக்கா வந்து ரெண்டு பேரையும் பாத்துட்டுப் போனாங்க. வலைக்கு ரெண்டு பக்கமும் ஒக்காந்து மூணு பேரும் ஒரே அழுக. அவங்க ஒண்ணும் சொல்லலியா ஒங்ககிட்ட?"

கறிவேப்பிலைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆணையாளரின் பதில் எனக்குக் கிடைத்ததும், அதை நான் அவளுக்கு இரண்டு தடவை வாசித்ததும் வியாழக்கிழமை, தைப்பொங்கலுக்கு மறுநாள்.